முகம் பார்க்கும் துப்பாக்கி

பொன்செல்வி அன்றைக்கு ஸ்டேஷனுக்குப் போயிருக்கவே வேண்டியதில்லை. உள்ளாட்சித் தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். அது அவள் கணவன் வேல்மயிலின் பாடு. ஆனால் திரும்பும் வழியில் ஆஸ்பத்திரியில் கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்க வேண்டியிருந்ததால் அவளும் பைக்கில் ஏறிக்கொண்டாள்.

மலையடிவாரத்து ஸ்டேஷன் அது. முற்றத்துப் புங்கமரத்தடியில் மேசை போட்டு எஸ்.ஐ. கதிரேசன் உட்கார்ந்திருந்தார். எலுமிச்சைக்காரர்களும் தென்னந்தோப்புக்காரர்களும் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொரு துப்பாக்கியையும் வாங்கிச் சோதித்துவிட்டுத்தான் உள்ளே வைப்பார்கள்.

சோதனை என்பது கண்ணைச் சோதிப்பது. குழலுக்குக் கீழே சட்டைப் பொத்தான் அளவில் கறுப்பாக ஒரு கண்ணாடி இருக்கும். அதைத்தான் எல்லோரும் கண் என்றார்கள். பொது இடங்களில் துப்பாக்கிச்சூடு பெருகிப்போன காலத்தில் வந்த சட்டம் அது. கண் இல்லாத துப்பாக்கியை யாரும் வைத்திருக்கக் கூடாது. எதிரே மனிதர் நின்றால் பிடிக்கட்டையின் மேலுள்ள விளக்கு சிவப்பாகும், விசை இறுகிவிடும். மிருகமோ மரமோ என்றால் பச்சை. போலீஸ் துப்பாக்கிக்கும் அதே கண்தான். அதிகாரி ஒருவர் தன் கைரேகையை வைத்துத் திறந்துவிட்டால்தான் அது மனிதரைச் சுடும்.

வேல்மயிலின் துப்பாக்கியைத் தோட்டா இல்லாமல் ஒரு காவலர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் எதிரே போய் நின்றார். சிவப்பு எரிந்தது.

"சரி, அடுத்தது," என்று கதிரேசன் சொல்லிக்கொண்டிருந்தபோது, பொன்செல்வி தண்ணீர் பாட்டிலைக் கணவனிடம் கொடுக்கக் குறுக்கே வந்தாள். மலைக்காற்று பலமாக அடித்தது. அவள் முகத்தை மூடியிருந்த முந்தானை விலகியது. விளக்கு பச்சையானது.

துப்பாக்கியைப் பிடித்திருந்த காவலர் அதைத் தட்டிப் பார்த்தார். பச்சைதான். கதிரேசன் எழுந்து வந்தார்.

"யம்மா, அப்படியே நில்லுங்க."

அவள் நின்றாள். பச்சை. காவலரை நிற்கச் சொன்னார். சிவப்பு. மறுபடி அவள். பச்சை.

"யாருகிட்ட குடுத்துய்யா மாத்துன?" என்று வேல்மயிலைக் கேட்டார்.

"எதைங்க சார்?"

"கண்ணை. ஊர்ல எல்லாரையும் தெரியுது, ஒம் பொண்டாட்டிய மட்டும் தெரியல. அது எப்படி?"

வேல்மயில் துப்பாக்கியையே பார்த்தான். அவனுக்கு எப்போதுமே பேச்சு வராது. வரிசையில் நின்றவர்கள் பொன்செல்வியின் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். துப்பாக்கியின் கண்ணை மாற்றியதாகச் சட்டத்தில் ஒரு பிரிவு, மனைவியைக் கொல்ல ஏற்பாடு செய்ததாக இன்னொரு பிரிவு. சாயங்காலத்துக்குள் அவனை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். பொன்செல்வி பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாள். சொட்டு மருந்து வாங்க மறந்துபோயிருந்தது.

*

அந்த முகம் அப்படி ஆனதற்கும் அதே துப்பாக்கிதான் காரணம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பொழுது சாயும் நேரத்தில், எலுமிச்சைத் தோப்பின் மேற்குக் கரையில் பொன்செல்வி மடை திருப்பிக்கொண்டிருந்தாள். கரையான் புற்றைத் தோண்டிக்கொண்டிருந்த கரடி அவளைக் கண்டதும் இரண்டு காலில் எழுந்து நின்றது. மோட்டார் ரூமிலிருந்து வேல்மயில் துப்பாக்கியோடு ஓடிவந்தான். கரடியைக் குறிபார்த்து விசையை அழுத்தினான். விசை அசையவில்லை. இரண்டு காலில் நிமிர்ந்து நிற்பது மனிதர் என்று கண் நினைத்துவிட்டது. அவன் மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டே இருந்தான். பிறகு துப்பாக்கியைத் தடிபோலப் பிடித்துக்கொண்டு அடிக்க ஓடினான். அதற்குள் கரடி அவள் முகத்தில் இறங்கிவிட்டது.

டாக்டர்கள் உயிரைக் காப்பாற்றினார்கள். வலது கண் போயிற்று. மூக்கும் மேலுதட்டின் பாதியும் போயின. தொடையிலிருந்து எடுத்த தோலைக் கன்னத்தில் வைத்துத் தைத்தார்கள். பல தடவை அறுத்துத் தைத்த பிறகு, இனிமேல் முடிந்தபோது செய்யலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

கரடியைக் கண்ட இடத்தில் விசை இறுகிப்போன கதை மற்ற ஊர்களிலும் நடந்திருந்தது. விவசாயிகள் ஒன்றுசேர்ந்து மனுக் கொடுத்தார்கள். வேல்மயில் எல்லாக் கூட்டத்துக்கும் போனான். கடைசியில் அரசாங்கம் இறங்கி வந்தது. எல்லோரும் துப்பாக்கியைக் கம்பெனி டெப்போவுக்குக் கொண்டுபோய்க் கண்ணைப் புதுப்பித்து வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு கரடி எழுந்து நின்றாலும் விளக்கு பச்சையாகவே இருந்தது. மாலை போட்டுக் கொண்டாடாத குறை.

*

வேல்மயில் ஜெயிலுக்குப் போன மறுவாரம் பொன்செல்வியின் அண்ணன் பால்ராசு வந்தான். அவளைக் கொல்ல வேல்மயில்தான் கண்ணை மாற்றினான் என்ற வாக்குமூலத்தில் அவள் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும் என்று எஸ்.ஐ. சொல்லி அனுப்பியிருந்தார்.

"நான் எதுக்குண்ணே போடணும்? அவுக ஒண்ணும் செய்யல."

"ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றான் பால்ராசு. அவன் கெட்டவன் இல்லை. தங்கைக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தவன். "நான் சொல்லுதேன்னு கோவிச்சுக்காத. அந்த மனுசன் ஒம் மூஞ்சிய நேருக்கு நேரே பாத்து எத்தன நாளாச்சு? சாப்பிடும்போது செவத்தப் பாத்துக்கிட்டுதான் சாப்பிடுதாரு. நானே கண்டிருக்கேன்."

அது உண்மை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவன் அவளிடம் எல்லாம் செய்தான். கஞ்சி ஊற்றிக் கொடுத்தான், தலை வாரிவிட்டான், கட்டு மாற்றினான். கட்டு மாற்றும்போதுகூடத் தையலைத்தான் பார்ப்பான், அவளைப் பார்க்கமாட்டான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணன் போன பிறகு, சொல்லாமல் வைத்திருந்த அந்த விஷயம் பெரிதாகிக்கொண்டே போயிற்று. டெப்போவுக்குத் துப்பாக்கியை எடுத்துப் போனவன் திரும்பிவர ஏன் அவ்வளவு நேரமாயிற்று? வரும் வழியில் யாரையாவது பார்த்தானா? யோசிக்க யோசிக்க உடம்பு அசந்துபோயிற்று. கையெழுத்துப் போட்டுவிட்டால் இந்த யோசனையாவது தீரும் என்றுகூட ஒரு நேரம் நினைத்தாள்.

போடுவதற்கு முன்னால் அவனை ஒரு தடவை பார்த்துவிட நினைத்து பாளையங்கோட்டை ஜெயிலுக்குப் பஸ் ஏறினாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வேல்மயில் மெலிந்துபோய் உட்கார்ந்திருந்தான். ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு மேசையைப் பார்த்தான்.

"கண்ணைத் தொட்டியளா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"அப்ப ஏன் என்னப் பாக்க மாட்டுக்கிய? இப்பக்கூட மேசையத்தான பாக்குதிய."

அவன் மேசை விளிம்பை விரலால் அழுத்திக்கொண்டே இருந்தான். காவலர் நேரமாகிவிட்டதென்று நாற்காலியைத் தட்டினார்.

"ஒன்னப் பாத்தா விசை கேக்காம நின்னதுதான் பொன்னு ஞாபகம் வருது," என்றான். "வெரலு இன்னும் அழுத்திக்கிட்டே கெடக்கு. மாத்தக் கூடாதுன்னு சட்டம் சொல்லிச்சு, மாத்தாம இருந்தேன். அன்னைக்கு மாத்தி வச்சிருந்தா ஒனக்கு இது வந்திருக்காது. மாத்துறவனா இருந்தா அப்பவே மாத்திருப்பேன்ல."

அவள் வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டு போகாமல், கோர்ட்டு வளாகத்தில் இலவச சட்ட உதவி என்று போர்டு போட்டிருந்த அறையைத் தேடிப் போனாள்.

*

வழக்கறிஞர் ரஹ்மத் நிஷா கடையநல்லூர்க்காரி. ஐம்பதைத் தாண்டியவள். காலையிலிருந்து நின்ற களைப்பில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். பொன்செல்வி சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"சட்டம் எப்படின்னாம்மா," என்றாள், "துப்பாக்கிக்கு வார் மாட்டலாம். கட்டையில உங்க பேரைச் செதுக்கிக்கலாம். சாயம் அடிக்கலாம். ஆனா குழலைத் தொட்டாலோ விசையைத் தொட்டாலோ கண்ணைத் தொட்டாலோ அது மாற்றம். லைசென்ஸ் போகும், ஜெயிலும் உண்டு. மாத்தலைன்னு நிரூபிக்க வேண்டியது துப்பாக்கிக்காரரோட பொறுப்பு. மாத்தினாருன்னு போலீஸ் நிரூபிக்க வேண்டாம்."

"டெப்போல மாத்திக் குடுத்தாகளே, அது?"

"கம்பெனி அனுமதி வாங்கி மாத்தினா அதுக்குப் பேரு புதுப்பிக்கிறது. நம்ம மாத்தினா குற்றம்." நிஷா சிரிக்கவில்லை. "அந்தப் புதுப்பிப்புல என்ன செஞ்சாங்கன்னு பாக்கணும்."

அதைத் தெரிந்துகொள்ள நிஷாவுக்குச் சில வாரங்கள் ஆயின. கம்பெனி முதலில் பதிலே தரவில்லை. கோர்ட்டு உத்தரவு போன பிறகு ஆனந்தி என்ற இளம் பொறியாளர் ஃபோனில் பேசினாள். நிஷா பொன்செல்வியை வரச்சொன்னாள். வந்தவளை உட்கார வைத்து டீ வரவழைத்தாள். பிறகும் சொல்லத் தயங்கிக்கொண்டே இருந்தாள்.

"சொல்லுங்கம்மா. கேட்டுக்கிடுதேன்."

"முன்னாடி கண்ணு உருவத்தைப் பாத்துச்சு. ரெண்டு கால்ல நின்னா மனுஷன். கரடிக்காக அதை மாத்தினாங்க. இப்போ முகம் தெரியலைன்னா உடை, நடை இதையெல்லாம் பாத்து முடிவு பண்ணும். முகம் தெரிஞ்சா முகத்தை மட்டும்தான் நம்பும். ரெண்டு கண்ணு, மூக்கு, வாய், எல்லாம் இடத்துல இருக்கணும்."

பொன்செல்வி டீ கிளாஸைக் கீழே வைத்தாள். உதட்டோரம் வழிந்ததைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப அவுக துப்பாக்கி மட்டுமில்ல."

"இல்ல. எல்லாத் துப்பாக்கியும் அப்படித்தான். புதுசா பெட்டியைப் பிரிக்கிற துப்பாக்கிகூட உங்களை அப்படித்தான் பாக்கும். அதைக் கோர்ட்டுல காட்டிட்டா கேஸ் உடைஞ்சுடும்." நிஷா அவளைப் பார்த்துச் சொன்னாள்: "ஆனா நீங்கதான் வந்து எதிர்ல நிக்கணும். எல்லாரும் பாக்க, முகத்தைத் திறந்துகிட்டு. நான் கட்டாயப்படுத்த மாட்டேன். வேற வழி தேடிப் பாக்கலாம், நாளாகும்."

"அவுக உள்ள கெடக்காக," என்றாள் பொன்செல்வி. "எதுக்கு நாளாக்கணும்?"

*

கோர்ட்டுக் கட்டடத்துக்குப் பின்னால், வண்டிகளை அப்புறப்படுத்திவிட்டு இடம் ஒழுங்கு செய்திருந்தார்கள். நீதிபதி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வேல்மயிலைக் காவலர்கள் கூட்டிவந்து ஓரமாக நிறுத்தினார்கள். ஆனந்தி சீல் வைத்த பெட்டியைப் பிரித்துப் புதுத் துப்பாக்கி ஒன்றை எடுத்தாள். தோட்டா இல்லை என்று எல்லோரிடமும் காட்டிவிட்டு ஒரு தாங்கியில் பொருத்தினாள்.

முதலில் கோர்ட்டு ஊழியர் ஒருவர் போய் நின்றார். சிவப்பு. கதிரேசனே ஒரு தடவை நின்று பார்த்தார். சிவப்பு.

பிறகு பொன்செல்வி போனாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். சிவப்பு எரிந்தது.

"முந்தானையை எடுங்கம்மா," என்றாள் நிஷா.

எடுத்தாள். பச்சை.

"மறுபடி மூடச் சொல்லுங்க," என்றார் நீதிபதி.

மூடினாள், சிவப்பு. எடுத்தாள், பச்சை. வேறு கோணத்தில் பார்க்க வேண்டும் என்று அரசு வழக்கறிஞர் கேட்டார். தாங்கியை நகர்த்தினார்கள். வெயிலில் பார்க்க வேண்டும் என்றார்கள். வெயிலில் போய் நின்றாள். வக்கீல்களும் குமாஸ்தாக்களும் ஜன்னல்களில் கூடிவிட்டார்கள். முதலில் கேட்ட முணுமுணுப்பு கொஞ்ச நேரத்தில் அடங்கிப்போயிற்று. திறக்கச் சொன்னால் திறந்தாள், மூடச் சொன்னால் மூடினாள். கடைசியில் கை வலித்தது. முந்தானையைத் தோளில் போட்டுவிட்டு அப்படியே நின்றாள்.

"கண்ணுக்கு எத்தனை முகங்களைக் காட்டிப் பழக்கினீர்கள்?" என்று நீதிபதி ஆனந்தியிடம் கேட்டார்.

"லட்சக்கணக்கில் ஐயா. எல்லா வயசு, எல்லா நிறம்."

"இவரைப் போல?"

ஆனந்தி பொன்செல்வியைப் பார்க்க முயன்றாள். "யாரும் நினைத்துப் பார்க்கவில்லை ஐயா," என்றாள்.

பொன்செல்வி துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஓரத்தில் நின்ற வேல்மயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவளை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணீர் வழிந்தது. விலங்கு மாட்டிய கையால் துடைத்தால் பார்வை மறையும் என்பதுபோல, துடைக்காமலே பார்த்தான்.

*

துப்பாக்கியில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை, குற்றமும் இல்லை என்று தீர்ப்பாயிற்று. வேல்மயில் அன்றைக்கே வெளியே வந்தான். எல்லோரும் கிளம்பும் நேரத்தில் பொன்செல்வி கையைத் தூக்கினாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கள்."

"அவுகளை விட்டுட்டிய, சந்தோசம். என்னை என்ன செய்யப் போறிய? எங்க பக்கம் வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கு. பாரஸ்டுக்காரங்க வச்சிருக்காங்க. தோப்புக்குள்ள எல தழை மறைவுல என் மூஞ்சி மட்டும் தெரிஞ்சா? பச்சைய நம்பித்தான இப்ப எல்லாரும் சுடுதாங்க. இந்தக் கண்ணுல என்னையும் சேத்துவிட முடியாதா?"

நீதிபதி ஆனந்தியைப் பார்த்தார்.

"முடியும் ஐயா. பெரிய வேலை இல்லை. ஆனா கண்ணுல எதைத் தொட்டாலும் டில்லி கமிட்டி அனுமதி வேணும். ஒருத்தருக்காகக் கேட்டா எடுத்துக்கவே மாட்டாங்க. வருஷக்கணக்கில் ஆகும். அனுமதி இல்லாம நாங்க தொட்டா எங்களுக்கும் இதே பிரிவுதான்."

கலெக்டர் அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரி எழுந்தார். நல்ல மனசோடுதான் பேசினார். அரசுத் திட்டத்தில் சென்னையில் உயர்தரமான அறுவைச் சிகிச்சை செய்யலாம், செயற்கை மூக்கும் கண்ணும் வைக்கலாம், கண் அடையாளம் காணும் அளவுக்கு முகத்தைக் கொண்டுவந்துவிடலாம் என்றார். அதற்கு டில்லி அனுமதி தேவையில்லை. இந்த அம்மா சம்மதித்தால் போதும்.

பொன்செல்வி யோசித்தாள். பழைய அறுவைகள் ஒவ்வொன்றும் ஞாபகம் வந்தது. மயக்கம் தெளியும் நேரம், குழாய் வழியாகக் கஞ்சி, தொடையில் தோல் உரித்த இடத்தின் எரிச்சல்.

"துப்பாக்கியத் தொடக் கூடாது, என்னைத் தொடலாம்," என்றாள். "வேண்டாமுங்க. அசந்துபோச்சு."

நீதிபதி கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். தன் அதிகாரத்துக்குள் என்ன செய்ய முடியும் என்று யோசித்திருக்க வேண்டும். பிறகு ஓர் உத்தரவு போட்டார்.

*

அடுத்த மாதம் தேர்தல் முடிந்து, துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லி ஆள் வந்தது. வேல்மயில் போனான், பொன்செல்வியும் கூடவே போனாள். துப்பாக்கியைத் திரும்ப வாங்க அல்ல. லைசென்ஸை ஒப்படைத்துவிட்டு வருவதற்கு.

கதிரேசன் அவர்களை உட்காரச் சொன்னார். தாளை அவர்கள் பக்கம் தள்ளினார். வேல்மயில் கையெழுத்துப் போட்டான்.

"கரடி வந்தா என்னய்யா செய்வ?"

"டின்னு தட்டுவோம் சார்," என்றான் வேல்மயில்.

பொன்செல்வி அதற்குள் வாசலோரச் சுவரைப் பார்த்துவிட்டாள். தேடப்படும் குற்றவாளிகளின் படங்கள் ஒட்டியிருந்த பலகையில், வலது கோடியில், புதிதாக அவள் படம் இருந்தது. முந்தானை இல்லாமல், நேராகப் பார்க்கும் படம். கோர்ட்டில் எடுத்தது. நீதிபதியின் உத்தரவுப்படி மாவட்டத்தின் எல்லா ஸ்டேஷனிலும் வன அலுவலகத்திலும் லைசென்ஸ்காரர் வீட்டிலும் அது இருக்கிறதென்று காவலர் ஒருவர் சொன்னார். படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது:

இவர் மனிதர். சுடக் கூடாது.

வேல்மயில் அவள் பக்கத்தில் வந்து நின்று படத்தைப் பார்த்தான். படத்தையும் பார்த்தான், அவளையும் பார்த்தான்.

"நல்லாத்தான் விழுந்திருக்கு," என்றாள் அவள். மறுபடி ஒருமுறை வாசித்தாள். "பேரு போடலியே."

"பேரு போடணும்னு உத்தரவுல இல்லம்மா," என்றார் காவலர்.

அவள் மேசையிலிருந்த பேனாவை எடுத்தாள்.

"கோர்ட்டு அனுப்புனதும்மா. அதுல எதையும் மாத்தக் கூடாது," என்று அவர் எழுந்து வந்தார். கதிரேசன் அவரைக் கையமர்த்தினார்.

பொன்செல்வி, பலகையில் தாள் நழுவாமல் இருக்க இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, 'இவர்' என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டு, அதன்மேல் தன் பெயரை எழுதினாள். பேனாவை இருந்த இடத்தில் வைத்தாள்.

"வாங்க, போவோம்," என்றாள் கணவனிடம். "பஸ்ஸு போயிரும்."